சிறு பெண் சொன்ன ஒரு வார்த்தை

வேதபாடம்: 2 இராஜாக்கள் 5:1-27



ஞாயிறு பள்ளியில் நம்ம பிள்ளைங்க மனப்பாட வசனத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். நாமும் கைதட்டிப் பரிசு கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் தெருக்குழாயடியிலும் அதே பிள்ளை இயேசுவை எப்படிச் சொல்லுகிறது, எப்படிக் காட்டுகிறது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

நாகமானின் வீட்டில் இருந்த அந்தச் சிறு பெண்ணைக் கவனியுங்கள். பெயர்கூட எழுதப்படவில்லை. சீரியருடைய தண்டுகள் இஸ்ரவேலிலிருந்து பிடித்துக்கொண்டு போன பிள்ளை. அப்பா அம்மா கூட இல்லை, ஆராதனைக்கு இடமும் இல்லை. தன் தேசத்தைக் கொள்ளையிட்ட சேனையின் தலைவனுக்குக் குஷ்டம் என்றால், "நல்லா வேணும்" என்று நினைக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவளோ எஜமானியிடம், சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் எஜமான் சுகமாவாரே என்று மட்டும் சொன்னாள். ஒரே வாக்கியம். பிரசங்கம் பண்ணவில்லை, அந்த வீட்டுத் தெய்வத்தை இழித்துப் பேசவுமில்லை.

அந்த ஒரு வார்த்தையை நம்பி நாகமான் 10 தாலந்து வெள்ளி, 6,000 சேக்கல் நிறைபொன், 10 மாற்று வஸ்திரங்கள் எடுத்துக்கொண்டு புறப்பட்டான். ஒரு வேலைக்காரச் சிறுமியின் பேச்சை நம்பி ஒரு படைத்தலைவன் ஏன் கிளம்ப வேண்டும்? வேதம் காரணம் சொல்லவில்லை. ஆனால் பொய் பேசுகிற, சில்லறை திருடுகிற வேலைக்காரியின் பேச்சை எந்த எஜமானியும் புருஷனிடம் கொண்டுபோய்ச் சொல்லமாட்டாள் அல்லவா?

அதே அதிகாரத்தின் கடைசியில் கேயாசியைப் பாருங்கள். தீர்க்கதரிசியின் வீட்டிலேயே இருந்தவன், அற்புதங்களைக் கண்ணாலே கண்டவன். 2 தாலந்து வெள்ளிக்கும் 2 மாற்று வஸ்திரங்களுக்கும் பொய் சொல்லிக் குஷ்டரோகியானான். அந்நியர் வீட்டில் அடிமைப்பெண் உண்மையாயிருந்தாள். ஊழியக்காரன் வீட்டில் வேலைக்காரன் கெட்டுப்போனான். விசுவாசி வீட்டில் பிறந்துவிட்டதால் மட்டும் பிள்ளை சாட்சியாகிவிடாது. கடன்காரர் வரும்போது "அப்பா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிற வீட்டில் எந்த வசனம் நிற்கும்?

தென்னேரிப் பக்கத்தில் இருக்கிற நமக்குக் கோர்வைச் சேலை தெரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். கரை நாடாவைத் தள்ளக் கூட ஒரு ஆள் வேண்டும். (அந்த இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்த காலம் போகட்டும், அவர்கள் படிக்கட்டும்.) ஒவ்வொரு இழையிலும் கரை உடலோடு பின்னிக்கொள்வதால், சேலை நைந்தாலும் கரை தனியே வராது என்பார்கள். சொல்லும் செயலும் பிள்ளைக்குள் அப்படிச் சேர வேண்டும்.

1905ஆம் ஆண்டு பூனாவுக்கு அருகே கெட்காமில், பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷனில் இப்படித்தான் நடந்தது. பஞ்சத்தில் தப்பி வந்த பெண்பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். படிப்போடு நெசவும் கற்றார்கள். அந்த ஜூன் மாதக் கடைசியில் ஆவியானவர் அசைவாடியபோது, பிள்ளைகள் அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள். பெண்கள் குழுக்களாகச் சுற்றியிருந்த கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லவும் போனார்கள். நாமோ பல நேரங்களில் உள்ளே சரிசெய்யாமல் பிள்ளை கையில் கைப்பிரதியைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்று, நம்மில் அநேகர் தடுமாறுகிற காரியம். ஆடி மாதம் பக்கத்து வீட்டு அத்தை பாசத்தோடு கூழ் கொண்டுவருகிறார்கள். நம் பிள்ளை, "அதெல்லாம் பேய்க்குப் படைச்சது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் அது வைராக்கியம் அல்ல, துடுக்கு. அந்த அத்தை பிறகு நம் வாசல் மிதிப்பார்களா? "கோவிச்சுக்காதீங்க அத்தை, படைச்சது நாங்க சாப்பிடறதில்ல" என்று சிரித்த முகமாய்ச் சொல்லப் பழக்குங்கள். அதே அத்தை குழாயடியில் குடத்தைத் தூக்கத் தடுமாறினால் ஓடிப்போய்க் கைகொடுக்கவும் பழக்குங்கள். நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தமாய்ப் பதில் சொல்லும்படி 1 பேதுரு 3:15 நமக்குக் கற்பிக்கிறது. கேட்கும்படியான நடக்கை முதலில் இருக்க வேண்டுமே!

மிட்டாய் கொடுத்துக் கூட்டாளிகளைச் சபைக்கு இழுத்துவரச் சொல்லாதீர்கள். அவர்கள் அப்பா அம்மாவிடம் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் அழைத்துவரக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். நம் பிள்ளையை நமக்குத் தெரியாமல் ஒருவர் கூட்டிப்போனால் நாம் சும்மா இருப்போமா?

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் ஒரு காரியம் செய்து பாருங்கள். "கர்த்தர் உனக்கு என்ன செஞ்சாரு?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். ரெண்டு வாக்கியம் போதும், தன் சொந்தப் பேச்சில் சொல்லட்டும். நடுவில் புகுந்து அலங்காரம் பண்ணாதீர்கள். "ஜுரம் வந்துச்சு, அம்மா ஜெபம் பண்ணாங்க, மாத்திரையும் குடுத்தாங்க, சரியாயிடுச்சு" என்று சொன்னால், மாத்திரையையும் சேர்த்தே சொல்லட்டும்.