கொரிய இசை: கேட்போம், அறிவோம், பிறர்க்கும் சொல்வோம்

முன்னுரை

இன்று எங்கள் வயதுப் பெண்கள் மூவர் ஓரிடத்தில் கூடினால் அங்கே கொரியப் பாடல் ஒன்று ஒலிக்காமல் இராது. பாடகர்களின் படம் புத்தகத்தின் நடுவே இருக்கும். அவர்களது ஆடல் கைப்பேசியில் இருக்கும். இதைக் கண்டு பெற்றோர் சிலர் கவலை கொள்கின்றனர். "பொருள் புரியாத பாட்டைக் கேட்பதால் என்ன பயன்?" என்பது அவர்கள் எழுப்பும் வினா. அது நியாயமான வினாவே. அதற்கு விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

கொரிய இசை என்றால் பளபளக்கும் உடையில் ஆடிப் பாடும் இளைஞர் குழுக்கள் மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆறு கடலில் கலக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஆற்றையே பார்த்துவிட்டோம் என்பது போன்றது இது. அந்த ஆறு எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர்கள் வழியாக வந்தது என்பதைக் கரையோரம் நடந்து பார்ப்போம், வாருங்கள்.

மொழி அறியாமல் இசை கேட்கலாமா?

இவ்வினாவிற்குக் கொரிய நாட்டு வரலாறே ஒரு விடை தருகிறது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில், 1935-ஆம் ஆண்டில், லீ நான்-யங் என்னும் பாடகி "மோக்போவின் கண்ணீர்" என்ற பாடலைப் பாடினார். மோக்போ என்பது தென்மேற்குக் கரையில் உள்ள துறைமுகம். பிரிவைப் பாடும் அப்பாடலில் மக்கள் தம் நாட்டின் துயரத்தையே கேட்டனர்.

1950-ஆம் ஆண்டு மூண்ட போரில் அவருடைய கணவர் வடக்கே கொண்டு செல்லப்பட்டார். குடும்பத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு அத்தாயின் தலைமேல் விழுந்தது. தம் புதல்வியர் இருவருக்கும் உறவினர் மகள் ஒருத்திக்கும் அமெரிக்கப் பாடல்களைக் கற்றுக் கொடுத்து, அமெரிக்கப் படைவீரர்களின் முன் பாட வைத்தார். அச்சிறுமியருக்கு ஆங்கிலம் தெரியாது. பொருள் அறியாமல் ஒலியை மட்டுமே மனப்பாடம் செய்து பாடினர். "கிம் சகோதரிகள்" என்ற பெயருடன் 1959-இல் அமெரிக்கா சென்ற அவர்கள், அந்நாட்டின் புகழ்பெற்ற எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பலமுறை பாடினார்கள்.

ஆகவே, அறியாத மொழியின் பாடலை ஒலியிலிருந்து தொடங்குவது இழிவன்று. ஆனால் ஒலியோடு நின்றுவிடவும் கூடாது. இசை கதவைத் திறக்கிறது. உள்ளே நுழைய வேண்டியவர்கள் நாம் அல்லவா?

ஒரு பாடல், பல முகம்

கொரிய மக்கள் அனைவருக்கும் தெரிந்த பாடல் எது என்று கேட்டால் "அரிரங்" என்று சொல்லிவிடலாம். இது ஒருவர் இயற்றியது அன்று. மக்கள் வாய்வழியாகப் பாடிப் பாடி வளர்ந்தது. ஏறத்தாழ 60 வகைகளில் 3,600 வடிவங்கள் இப்பாடலுக்கு உள்ளன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஜொங்சொன் என்னும் மலைநாட்டில் அது மெல்ல இழுத்துப் பாடப்படும். மிர்யாங் ஊரிலோ துள்ளி ஓடும்.

யுனெஸ்கோ நிறுவனம் தன் மரபுப் பட்டியலில் தென்கொரியாவின் அரிரங்கை 2012-ஆம் ஆண்டிலும், வடகொரியாவின் அரிரங்கை 2014-ஆம் ஆண்டிலும் சேர்த்தது. நாடு இரண்டாகப் பிரிந்தும் பாடல் பிரியவில்லை! 2018-ஆம் ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் இரு கொரியாக்களின் பெண்களும் ஒரே அணியாகப் பனி ஹாக்கி ஆடினர். அந்த அணிக்கு எந்த நாட்டின் கீதத்தை இசைப்பது? அரிரங்கையே இசைத்தனர்.

கதை சொல்லும் பான்சோரி

பான்சோரி என்பது ஒரு பாடகரும் ஒரு முரசுக்காரரும் சேர்ந்து நிகழ்த்தும் கலை. பாடகர் கையில் ஒரு விசிறி மட்டுமே இருக்கும். பாட்டு, பேச்சு, மெய்ப்பாடு மூன்றாலும் அவர் ஒரு முழுக் கதையை நம் கண்முன் கொண்டு வருவார். ஒரு கதை எட்டு மணி நேரம் வரை நீளும். நம் ஊர்க் கதாகாலட்சேபத்தைக் கேட்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இடையிடையே முரசுக்காரரும் சபையோரும் "ஒல்சு!" என்று குரல் கொடுத்து ஊக்குவிப்பர். இதற்குச் "சுயிம்சே" என்று பெயர். சபையோரும் இக்கலையில் ஒரு பங்கு என்பதே இதன் சிறப்பு.

முன்பு பன்னிரண்டு கதைகள் இருந்தன; இன்று ஐந்து மட்டுமே முழுமையாக வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று சிம் சொங் என்ற பெண்ணின் கதை. பார்வையற்ற தந்தைக்குக் கண் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவள் முந்நூறு மூட்டை அரிசிக்குத் தன்னையே கடலோடிகளிடம் விற்றுக்கொள்கிறாள், கடலில் குதிக்கிறாள், தாமரை மலரில் மீண்டு வந்து அரசியாகிறாள். அவள் அளித்த விருந்துக்கு வந்த தந்தை, மகளின் குரலைக் கேட்டுக் கண் திறக்கிறார். இதைக் கேட்டு நெகிழாத தந்தை உண்டோ?

மற்றொன்று நமக்கு மிக நெருங்கியது. கடல் அரசனின் நோய்க்கு முயலின் ஈரல் மருந்து என்றார்கள். ஆமை கரைக்கு வந்து முயலை ஏமாற்றி அழைத்துச் செல்கிறது. உண்மை அறிந்த முயல், "ஐயோ, ஈரலைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்தேனே!" என்று சொல்லித் தப்பிவிடுகிறது. இதைப் படிக்கும்போதே குரங்கும் முதலையும் கதை உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். அது தற்செயல் அன்று. இந்தியாவின் ஜாதகக் கதை பௌத்த நூல்களின் வழியே கிழக்கே சென்று அங்கே இவ்வாறு உருமாறியது என்பர் அறிஞர். நாம் அனுப்பிய கதை பாட்டாகத் திரும்பி வந்திருக்கிறது!

பான்சோரி நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே பாடிய கலை. 19-ஆம் நூற்றாண்டில் சின் ஜே-ஹியோ என்ற ஆசான், ஜின் சே-சொன் என்ற பெண்ணுக்கு அதனைக் கற்பித்தார். அவரே முதல் பெண் பான்சோரிக் கலைஞராகப் போற்றப்படுகிறார்.

அரண்மனையும் வயல்வெளியும்

கொரிய எழுத்தாகிய ஹங்குலை 1443-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் செஜோங் மன்னர். அவர் இசையிலும் வல்லவர். ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் கட்டம் போட்டு எழுதும் முறையை வகுத்தார். அவர் காலத்தில் பிறந்த இசை இன்றும் சியோல் நகரின் ஜொங்மியோ ஆலயத்தில், அரச முன்னோர்க்குச் செய்யும் சடங்கின்போது இசைக்கப்படுகிறது. அது மிக மெதுவானது. அவசரம் உள்ளவர்க்கு அது பிடிபடாது. பொறுமை உள்ளவர்க்கு மலையின் அமைதியைத் தரும்.

"கயாகம்" பன்னிரண்டு பட்டு நரம்புகளை உடைய யாழ் போன்ற கருவி. இடக்கை நரம்பை அழுத்தி அசைக்கும்போது சுரம் நடுங்கி வளையும். வீணையின் கமகத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. "சாஞ்சோ" என்னும் தனி வாசிப்பு மிக மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, புயல்போல் முடியும்.

உழவர்களின் இசையோ வேறு. வயலிலும் தெருவிலும் ஆடிக்கொண்டே முழக்கிய மேளத்திலிருந்து 1978-ஆம் ஆண்டில் "சாமுல்நோரி" பிறந்தது. சிறு உலோகத் தட்டு, பெரிய உலோகத் தட்டு, இடை சிறுத்த மத்தளம், முரசு ஆகிய நான்கே கருவிகள். அவற்றை முறையே இடி, காற்று, மழை, மேகம் என்பர். மழையை நம்பி வாழ்ந்தவர்களின் இசை அன்றோ!

தடை செய்யப்பட்ட பாடல்கள்

இன்று நாம் விரும்பியதை விரும்பிய நேரத்தில் கேட்கிறோம். கொரியர்களுக்கு இந்த உரிமை எளிதில் வாய்க்கவில்லை. 1964-இல் லீ மி-ஜா பாடிய "கமேலியாப் பெண்" நாடெங்கும் ஒலித்தது. மறு ஆண்டே, ஜப்பானிய சாயல் உள்ளது என்று கூறி அதைத் தடை செய்தனர். 1971-இல் கிம் மின்-கி என்ற ஓவியக் கல்லூரி மாணவர் இயற்றி, யாங் ஹீ-ஊன் என்ற இளம்பெண் பாடிப் புகழ்பெற்ற "காலைப் பனித்துளி" 1975-இல் தடை செய்யப்பட்டது. அப்பாடலில் அரசைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. நீண்ட இரவு கடந்து புலரும் காலையைப் பற்றியதே அது. ஆனால் மாணவர்கள் அதில் தங்கள் நெஞ்சைக் கண்டனர், ஊர்வலங்களில் பாடினர். 1987-ஆம் ஆண்டு மக்கள் திரண்டெழுந்து மக்களாட்சியை மீட்ட பின்னரே இவ்விரு பாடல்களும் விடுதலை பெற்றன.

அதன் பின்னும் பாடல்களை முன்கூட்டியே தணிக்கை செய்யும் வழக்கம் நீடித்தது. 1995-இல் சியோ தைஜி குழுவினரின் பாடல் ஒன்றில் சொற்களை மாற்றும்படி கூறினர். அவர்களோ சொற்களை அடியோடு நீக்கி, வெறும் இசையாகவே அதை வெளியிட்டனர்! அந்த மௌனம் உரக்கப் பேசியது. 1996-இல் அத்தணிக்கை முறை ஒழிந்தது. இன்றைய இளைஞர் குழுக்கள் அச்சமின்றிப் பாடுகின்றன எனில், அதற்கு விலை கொடுத்தவர்கள் இவர்களே.

புதியதிலிருந்து பழையதற்கு

சரி, இத்தனை வகைகளுக்குள் அயல்நாட்டவராகிய நாம் எப்படி நுழைவது? நாம் ஏற்கெனவே விரும்பும் புதிய பாடலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதே எளிய வழி. சில பாலங்களைக் காண்போம்.

பி.டி.எஸ். குழுவின் "ஐடல்" (2018) பாடலில் பான்சோரியின் ஊக்கக்குரல் கேட்கும். அக்குழுவின் சுகா 2020-இல் தனியே வெளியிட்ட "தேச்விதா"வின் பெயரே அரசர் பவனி வரும்போது முழங்கிய இசையின் பெயர். அந்த முழக்கமும் அதில் உண்டு. பாடகி ஐயூ 2014-இல் பழைய பாடல்களைத் திரும்பப் பாடினார். அவற்றுள் "உன் பொருள்" என்ற பாடல், 1977-இல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய "சானுல்லிம்" ராக் குழுவுக்கு உரியது. "லீ நல்சி" குழு முயல் கதையின் பான்சோரியை இரண்டு பேஸ் கிதார்களோடும் டிரம்மோடும் பாடுகிறது. அவர்களது "புலி இறங்கி வருகிறது" பாடலில், வாய் மரத்துப்போன ஆமை முயலை அழைக்க எண்ணி, நாக்குப் பிறழ்ந்து புலியை அழைத்துவிடுகிறது! சிரித்துக்கொண்டே கேட்டு முடித்தபின், நானூறு பக்க நூலுக்குள் ஒரு பக்கம் படித்ததுபோல் மற்றதையும் அறிய மனம் விழையும்.

ஹங்குலில் 24 எழுத்துகளே உள்ளன. அவற்றைக் கற்றால் பாடலின் பெயரையும் இயற்றியவர் பெயரையும் நாமே படிக்கலாம். கொரியக் குழந்தை தாயை "ஓம்மா" என்றும் தந்தையை "அப்பா" என்றும் அழைக்கும். ஆகவே அம்மொழியின் முதல் பாடம் நமக்கு ஏற்கெனவே பாதி தெரியும்!

பிறர்க்குச் சொல்லும் முறை

நல்ல இசையைத் தானே கேட்டு மகிழ்வது பாதி இன்பம். பிறர்க்குச் சொல்வதே முழு இன்பம். ஆயினும் அதற்கும் முறை உண்டு.

முதலாவது, கேட்பவரை அறிந்து சொல்லுதல். பாட்டிக்குச் சிம் சொங் கதையைச் சொல்லிவிட்டுப் பான்சோரியைக் கேட்கச் செய்யலாம். பழைய மெல்லிசை விரும்பும் தாத்தாவுக்கு லீ மி-ஜா. மேசையைத் தட்டித் தாளம் போடும் தம்பிக்குச் சாமுல்நோரி. வீணை பயிலும் தோழிக்குக் கயாகம். பியானோ பயில்பவளுக்கு, 2022-ஆம் ஆண்டு வான் கிளைபர்ன் போட்டியில் பதினெட்டாம் வயதில் முதற்பரிசு பெற்ற லிம் யுன்-சான் வாசித்த ராக்மனினாப். ஏனெனில் மேலை இசையிலும் கொரியர் தேர்ந்தவர்களே.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு பாடல் போதும். இருபது பாடல்களை அனுப்பினால் ஒன்றையும் கேட்கமாட்டார்கள். பாடலோடு அது பிறந்த கதையை இரண்டு வரியில் சேர்த்துச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

மூன்றாவது, பிறர் விருப்பத்தை இகழாமை. எந்தக் குழு பெரியது என்று தோழியர் பேச்சை நிறுத்திக்கொள்வதைக் காண்கிறோம். முகம் அறியாப் பாடகருக்காக அருகிலிருக்கும் தோழியை இழப்பது அறிவுடைமை ஆகுமா? பழைய பாடலைப் புகழ்வதற்காகப் புதிய பாடலைத் தாழ்த்தவும் வேண்டியதில்லை.

நான்காவது, அளவறிதல். படிக்கும் நேரத்தில் படிப்பும், ஓய்வு நேரத்தில் இசையும் இருந்தால் பெற்றோர்க்கும் கவலை இராது.

முடிவுரை

பொருள் புரியாத பாட்டைக் கேட்பதால் என்ன பயன் என்ற வினாவிற்கு இப்போது விடை கூறலாம். பொருள் தேடாமல் கேட்டால் அது பொழுதுபோக்கு. பொருள் தேடிக் கேட்டால் அது கல்வி. ஒரே ஒரு பாடலின் பின்னே சென்றாலும் அங்கே ஒரு மன்னரின் அறிவும், உழவரின் உழைப்பும், குடும்பத்தைக் காத்த தாயின் துணிவும், தடைக்கு அஞ்சாத மாணவரின் குரலும் நமக்காகக் காத்திருக்கின்றன. அவற்றை அறிந்தபின் அம்மக்கள் நமக்கு அயலார் ஆவரோ?

ஆகவே, அன்புத் தோழியரே, உங்களுக்குப் பிடித்த பாடலை இன்று கேட்கும்போது, அதற்கு முந்திய பாடல் எது என்று ஒருமுறை தேடுங்கள். கண்டதை வீட்டில் உள்ளவர்களோடு சேர்ந்து கேளுங்கள். பெற்றோரும் அன்புகூர்ந்து ஒரு பாடலேனும் எங்களோடு அமர்ந்து கேட்க வேண்டுகிறோம்.

- பத்தாம் வகுப்பு மாணவி