கிலோ என்ன விலைக்கு வருது? மளிகைச் செலவும் உங்கள் கைப்பேசியும்

மாதத்தின் முதல் ஞாயிறு. தி.நகரிலோ அடையாறிலோ ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நிற்கிறீர்கள். துவரம் பருப்பு அரைக் கிலோ பாக்கெட் 78 ரூபாய், ஒரு கிலோ பாக்கெட் 162 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கை தானாக அதை எடுக்கும். கொஞ்சம் நில்லுங்க! இரண்டு அரைக் கிலோ வாங்கினால் 156 ரூபாய்தானே?

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு விலையும் இருக்கும். அது அலகு விலை, அதாவது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கில் போடுவார்கள். எழுத்து சிறிதாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்க. ஆனால் அதை மட்டும் நம்பிவிடவும் முடியாது. அரைக் கிலோ 78 ரூபாய் என்றாலும், 81 ரூபாய் என்றாலும், கிராமுக்கு 0.16 என்றே முழுமையாக்கி அச்சாகும். கிலோ கணக்கில் வித்தியாசம் 6 ரூபாய். போனில் கால்குலேட்டரைத் திறந்து விலையை எடையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். ஐந்து விநாடி வேலை.

எண்ணெயில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பார்க்க அதே அளவில் இருக்கும் பாக்கெட்டில் 850 மில்லிதான் இருக்கலாம். 'ஆஃபர்' ஸ்டிக்கரைப் பார்ப்பதற்கு முன் நிகர அளவைப் பாருங்க.

காய்கறிக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நாலு கடை நடந்து, கிலோ என்ன விலை என்று கேட்டாலே போதும். கூறு கட்டி விற்பதை மட்டும் எடை போடச் சொல்லிக் கேளுங்க.

விலைக்குத் தீர்வு தேடுவது நமக்குப் புதிதல்ல. 1904-இல் பக்கத்துத் திருவல்லிக்கேணியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி உள்ளிட்ட 14 பேர் கூடித் தொடங்கியதுதான் டி.யு.சி.எஸ். கூட்டுறவுப் பண்டகசாலை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அன்று அது தெரிந்தவர்கள் வாங்கினார்கள், தெரியாதவர்கள் வெளியே கொடுத்தார்கள்.

அதனால் மளிகைப் பட்டியல் எழுதும் முன் ரேஷன் கார்டை எடுத்து வையுங்கள். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 'நாங்க ரேஷன்ல வாங்குறதில்லை' என்று சொல்லும் வீடுகள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் நிறைய. அரிசி பிடிக்கவில்லை என்றால் சரி, பருப்பை ஏன் விட வேண்டும்? சர்க்கரை அட்டைக்கும் பருப்பும் பாமாயிலும் உண்டு. எப்பொருளும் இல்லாத அட்டைக்குத்தான் கிடையாது.

கடைக்குப் போய் 'ஸ்டாக் இல்லை' என்று திரும்புவதுதான் பலருக்கும் சலிப்பு. டி.என்.இ.பி.டி.எஸ். செயலியில், கார்டில் பதிவான மொபைல் எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் போட்டு உள்ளே போனால் உங்களுக்குரிய அளவு, கடையின் இருப்பு, ஏற்கெனவே வாங்கியது மூன்றும் தெரியும். வேலை தி.நகரில், வீடு வேறு பக்கம் என்றாலும் கவலையில்லை. 2020 அக்டோபர் முதல் கைரேகை வைத்து மாநிலத்தின் வேறு ரேஷன் கடையிலும் வாங்க முடிகிறது. மொபைல் எண் மாறியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

ஏனென்றால், பில் போட்டதும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் அன்றைக்கே சொல்லுங்கள். தனியார் கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் பில்லை வாங்கிக்கொண்டு 1915-க்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில் இல்லாமல் புகாரை நிரூபிப்பது கஷ்டம், இரண்டு ரூபாய் விஷயம் என்றாலும் கேட்டு வாங்குங்க.