அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ நடக்கிறதா?

1. தெர்மாமீட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் ஆபத்து. பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். காய்ச்சலை அது மறைத்துவிடும்.

2. அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். பெருங்காய வாசனையே குமட்டும்.

3. வேண்டுதல் விரதத்தை அவருக்குப் பதில் நீங்கள் இருங்கள். அவருக்குச் சாப்பாடுதான் தெம்பு. கோயில் கூட்டத்தில் தொற்று வரலாம். வீட்டிலேயே விளக்கேற்றி, பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

4. நலம் விசாரிப்பவர்களை போனில் பேசச் சொல்லுங்கள். "எங்க ஒண்ணுவிட்ட அத்தைக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பிப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

5. யாராவது சொன்ன கஷாயத்தை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கீமோ மருந்தோடு மோதலாம்.