மிதித்தும் இழுக்காத பழைய கார்: குறை எங்கே?

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971இல் அதன் உற்பத்தி முற்றாக நின்றது. ஆயினும் எமது ஊர்களில் அதுவும் அதன் காலத்து ஒஸ்ரின்களும் இன்னமும் ஓடுகின்றன. சில குடும்பங்களுக்கு வாடகை ஓட்டமே அவற்றால்தான். இக்கார்கள் பற்றி அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று: "அக்சிலேற்றரை மிதித்தால் உடனே இழுக்குதில்லை." இது வெறும் அலுப்பு அல்ல. ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும்போது எஞ்சின் ஒரு கணம் தயங்கினாலும், வருகிற பஸ்ஸின் முன்னே நிற்க வேண்டி வரும்.

இக்குறை வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை காபரேற்றரைத் திருகுவது. அதுவே கடைசியாகச் செய்ய வேண்டியது என்பது எமது கருத்து. மற்றவற்றைப் பார்க்காமல் திருகினால் ஒரு குறை இரண்டாகும். பிறகு புதுக் காபரேற்றர் வாங்கியும் தீராது.

முதலில் காரை ஓட்டிப் பார்த்து, தயக்கம் எப்போது வருகிறது எனக் கவனிப்போம். மிதித்த கணத்தில் இருமி, பின் சரியாக இழுத்தால் காற்றும் பெற்றோலும் கலப்பதில் கோளாறு. தொடக்கத்தில் நன்றாக இழுத்து, பாலத்து ஏற்றத்திலோ வேகத்திலோ சோர்ந்தால் பெற்றோல் போதியளவு வருவதில்லை: ராங்கின் துரு, அடைத்த வடி, தளர்ந்த பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக் கணக்காக நிறுத்தி வைத்த கார்களின் ராங்குகளைச் சந்தேகிக்க நியாயமுண்டு. எந்த வேகத்திலும் ஒரேயடியாகச் சோம்பலாக இருந்து, எஞ்சினும் சூடேறினால் பொறி பிந்தி விழுகிறதென நினைக்கலாம். எஞ்சின் இரைகிறது, கார் மட்டும் நகரவில்லை என்றால் அது கிளச். சம தரையில் நியூற்றலில் கையால் தள்ளினாலும் கார் உருள மறுத்தால் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து, காசு செலவில்லாத ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் மிதியை முழுதாக மிதிக்க, மற்றவர் காபரேற்றரின் துறொட்டில் லீவரைப் பார்க்க வேண்டும். அது தன் எல்லைவரை திரும்புகிறதா? மிதியின் கீழ் விரித்த தடித்த விரிப்பு, இழுபட்டுத் தளர்ந்த கேபிள் ஆகியவை பாதித் திறப்பிலேயே நிறுத்திவிடும்.

இனிப் பொறிக்கு வருவோம். டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிப் பொயின்ற்றைப் பாருங்கள். இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 (ஏறக்குறைய 0.4 மி.மீ.) இருக்க வேண்டும்; பிளக்கில் 25 (0.6 மி.மீ.). றோட்டரை விரலால் சற்றுத் திருப்பி விட்டால் அது தானே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எடைகள் இறுகியுள்ளன. வக்கூம் குழாயைக் காபரேற்றர்ப் பக்கத்தில் கழற்றி, முனையைத் துடைத்து வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உறிஞ்சல் நிற்காவிட்டால் உள்ளேயுள்ள மென்தகடு கிழிந்திருக்கும், அல்லது குழாய் வெடித்திருக்கும்.

வடக்கில் ஓடிய கார்களுக்கு இங்கே ஒரு தனிக் கதை உண்டு. 1990 முதல் பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில் குடாநாட்டின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்ட வைக்கும். அதைத் தவிர்க்க ரைமிங்கைப் பின்தள்ளினால் தட்டல் குறையும், இழுவையும் குறையும். அக்காலத்தில் பின்தள்ளி, பெற்றோலுக்கு மாறிய பிறகும் திருத்தாமல் விட்ட ரைமிங் இருந்தால், காபரேற்றரை எவ்வளவு திருகியும் பயனில்லை. காரின் கைந்நூலில் சொன்ன அளவுக்கே மீண்டும் வையுங்கள்.

பொறி சரியென்றால் காற்றுக் கசிவைத் தேடுவோம். இரண்டடி இறப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மனிபோல்ட் பொருத்துகளின் ஓரமாக, விசிறியில் படாதபடி நகர்த்துங்கள். "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்கும் இடத்தில் காஸ்கெற் போயிருக்கிறது. சிலர் பெற்றோலைத் தெளித்துக் கசிவு தேடுவார்கள். சூடான எஞ்சினில் அது தீயை அழைக்கும் வேலை. அடைத்த கொட்டிலுக்குள்ளும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள நஞ்சுக்கு மணமில்லை.

இப்போதுதான் காபரேற்றர். மொறிஸ் மைனரில் உள்ள எஸ்.யூ. காபரேற்றரில் அக்சிலேற்றர் பம்ப் கிடையாது. அதன் வேலையைச் செய்வது மேலே உள்ள ஒயில் டாம்பர். மிதித்ததும் உள்ளேயுள்ள பிஸ்ரன் சடுதியாக எழும்பாமல் ஒயில் தடுக்கிறது. அந்தக் கணத்தில் பெற்றோல் சற்றுக் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. ஒயில் இல்லாவிட்டால் பிஸ்ரன் துள்ளி எழும், காற்று மிகும், எஞ்சின் இருமும். இந்தச் சிறு கிண்ணத்தில் ஒயில் விட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. மூடியைத் திருகிக் கழற்றி எஸ்.ஏ.ஈ. 20 ஒயில் விடுங்கள். மூடியைத் திரும்ப இறக்கும்போது, புரி பிடிக்க இன்னும் கால் அங்குலம் இருக்கையிலேயே கையில் தடை தெரிந்தால் அளவு போதும். கியர் ஒயில் போன்ற தடித்தது வேண்டாம். பிஸ்ரன் எழுவதே பிந்தும்.

டாம்பரைக் கழற்றி வைத்திருக்கும்போதே பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டுப் பாருங்கள். "டக்" என்று அடியில் விழ வேண்டும். மெதுவாக இறங்கினால் மேற்கிண்ணத்தை, இருந்த நிலையை அடையாளமிட்டுக் கழற்றி, பெற்றோலில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். அருகில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. அரத்தாள் போடவே வேண்டாம். பிஸ்ரனும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்த சோடி; பழைய சாமான் கடையில் தனிப் பிஸ்ரன் வாங்குவது வீண் செலவு. ஊசி வளைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்து, எஞ்சின் நன்கு சூடான பின்பே கலவையைத் தொடலாம். பக்கத்திலுள்ள சிறு ஊசியால் பிஸ்ரனை ஒரு மி.மீ. அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் சற்று வேகமெடுத்து உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. வேகமெடுத்து அப்படியே நின்றால் பெற்றோல் கூட. தளர்ந்து நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. அடியிலுள்ள ஆறுமுக நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். யாரோ கண்டபடி திருகிய காராயின் முழுதாக மேலே ஏற்றி, இரண்டு சுற்று இறக்கி, அங்கிருந்து தொடங்குங்கள். எயார் கிளீனரைப் பூட்டிய பின் இன்னொரு தடவை ஊசியை உயர்த்திப் பாருங்கள். அடைத்த கிளீனர் என்றால் கணக்கு மாறும். எத்தனை முகம் திருப்பினோம் என்பதை ஒரு தாளில் குறித்து, அடுத்ததாகத் திறக்கும் மெக்கானிக்குக்குக் காட்டுவதற்காகக் காருக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.