பத்திரிகைப் படத்தொழிலும் ஹோமாய் வியாரவாலா அம்மையாரும்

வத்தலக்குண்டுப் பேருந்துக்காகச் செம்பட்டிச் சந்தியில் காத்துநிற்கும் நம் மாணவர், வண்டி வருமுன் கைபேசியில் நூறு படங்களை எடுத்துவிடுகின்றனர். வேண்டாதவற்றை அக்கணமே அழித்தும் விடுகின்றனர். பிலிம் வழங்கிய காலத்துப் பத்திரிகைப் படக்காரருக்கோ இவ்வசதி இருந்ததில்லை. அவர்தம் நிலையை அறிய, அத்தொழிலில் ஏறக்குறைய முப்பதாண்டுகள் உழைத்த ஹோமாய் வியாரவாலா அம்மையாரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

இவ்வம்மையார் 1913-ஆம் ஆண்டில் கூர்ஜரத்து நவசாரியில் பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியிற் பயின்று, பின்பு தம் கணவராகிய மானெக்ஷாவிடம் படத்தொழில் கற்றார். தொடக்கத்தில் இவர் எடுத்த படங்கள் கணவர் பெயராலேயே அச்சேறின. உழைப்பு ஒருவரது, பெயர் மற்றொருவரது! 1942-இல் தில்லி சேர்ந்தபின், சேலையுடுத்து, கருவிகளைச் சுமந்து, மிதிவண்டியிற் சென்று பணியாற்றினார்.

நிற்க, அவர் கையாண்ட ஸ்பீடு கிராபிக் காமிராவின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். அதிற் செருகும் சட்டமொன்றில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டே பிலிம் தகடுகள் இருக்கும். ஒரு படம் எடுத்ததும், ஒளிபுகாது காக்கும் மூடியைச் செருகி, சட்டத்தை வெளியே இழுத்து, மறுபக்கம் திருப்பி, மீண்டும் பொருத்துதல் வேண்டும். மின்வெட்டொளி தரும் குமிழோ ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது; சூடாறாத அதனைக் கழற்றிப் புதியதைப் பூட்டுதல் வேண்டும். இத்தனைக்கும் இடையில் தலைவர் மேடையை விட்டு இறங்கியும் விடுவார். எடுத்தது நன்றாக வந்ததா என்பதோ இருட்டறையில் மருந்துநீரிற் கழுவிய பின்னரே தெரியும். ஆதலின், விசையை எப்போது அழுத்துவது என்பதினும், எப்போது அழுத்தாதிருப்பது என்பதே அவர்க்குப் பெரும் பயிற்சியாயிற்று.

இவ்வகைக் கருவிகளைக் கொண்டே 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் நிகழ்ந்த கொடியேற்றத்தையும், மவுண்ட்பேட்டன் விடைபெற்றதையும் படமாக்கினார். 1970-இல் தொழிலை விடுத்தவர், பின்பு நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் காமிராவைத் தொடவில்லை. புதிதாய் வந்த படக்காரரின் ஒழுங்கின்மை அவருக்கு ஒவ்வாததாயிற்று. 2011-இல் பத்ம விபூஷண் விருது பெற்று, மறு ஆண்டு மறைந்தார்.

அவர் மனத்தை உறுத்திய படம், எடுக்காத படமே. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவரை, மறுநாள் இருவரும் சேர்ந்தே செல்வோம் என்று கணவர் திருப்பியழைத்துக்கொண்டார். மறுநாள் அவர் எடுக்க நேர்ந்தது அடிகளின் இறுதி ஊர்வலத்தை.