மாடியில் சோலார்: வாங்கும் முன் நீங்களே போட வேண்டிய கணக்கு

பகல் 12 மணி. தெருவுக்கே கரண்ட் கட். மாடியில் சோலார் பேனல் வெயிலில் காய்கிறது. கீழே ஃபேன் சுற்றவில்லை. “இவ்வளவு செலவு பண்ணியும் இப்படியா?” என்று கேட்பவர்கள் உண்டு. இது பழுது இல்லை. மின்வாரிய லைனோடு இணைந்த ‘ஆன்-கிரிட்’ இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதனால் முதல் கேள்வி இதுதான்: உங்களுக்குப் பில் குறைய வேண்டுமா, கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டுமா? பில்லுக்கு ஆன்-கிரிட் போதும். விளக்குக்கு பேட்டரி வேண்டும்.

1. பில்லைப் பாருங்கள்

இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் என்றால், ஒரு நாளைக்கு 6 யூனிட். 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 6-ஐ 4-ஆல் வகுத்தால் 1.5, ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் 2 கிலோவாட் சரி. உங்கள் வீட்டில் 150 யூனிட்தான் ஓடுகிறதா? முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். மீதி 50 யூனிட்டுக்காகச் சோலார் போட்டால், போட்ட பணம் திரும்ப வர ரொம்ப காலம் ஆகும்.

2. மாடியைப் பாருங்கள்

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். மணிமுத்தாறு பக்கம் மேற்கே மலை நிற்பதால், மாலை வெயில் சீக்கிரம் மறையும். ஒரு நாள் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு மாடியைப் போனில் படம் எடுங்கள். தென்னை, தண்ணீர்த் தொட்டி நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். பேனல் தெற்கு பார்த்து, லேசான சாய்வில் இருக்கட்டும். சித்திரையிலிருந்து ஆவணி வரை உச்சி வெயில் வடக்கே சாயும் என்பதால், வடக்குப் பக்க மரத்தையும் கவனியுங்கள். ஆடிக் காற்றைத் தாங்கும்படி ஸ்டாண்டை கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

3. பேட்டரி வேண்டுமென்றால்

2 ஃபேன், 4 எல்.இ.டி. விளக்கு சேர்ந்து சுமார் 190 வாட். 4 மணி நேரத்துக்கு 760 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். லெட்-ஆசிட் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கும். அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்தான் பேட்டரி நீடிக்கும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். ஃபிரிட்ஜ், மோட்டார் இதில் சேராது.

4. மானியம்

2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு விண்ணப்பிக்கலாம். ஆன்-கிரிட் அமைப்புக்குத்தான் மானியம் உண்டு. பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தி, நெட் மீட்டர் வைத்த பிறகே வங்கிக் கணக்கில் பணம் வரும். முழுத் தொகையையும் முதலில் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு மின்னகம்: 94987 94987.

எதை நீங்களே செய்யக்கூடாது?

கணக்கு, அளவு, நிழல் பார்ப்பது, மாதம் இருமுறை பேனலைத் துடைப்பது எல்லாம் நம்ம வேலை. வயரிங் மட்டும் வேண்டாம். ஐந்தாறு பேனலை வரிசையாக இணைத்தால் 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம் வரும். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்த முடியாது. எர்த், இடி தடுப்பு எல்லாம் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

விலை கேட்கப் போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: தினசரி யூனிட், நிழலில்லாத சதுர அடி, பேட்டரி வேண்டுமா வேண்டாமா. இது தெரிந்தவரிடம் தேவைக்கு மேல் யாரும் விற்றுவிட முடியாது.