பழைய ஹைபிரிட் வாகனம் வாங்குமுன்: திருத்தச் செலவையும் கணக்கில் எடுப்போம்



சரக்குக் கொள்வனவு செய்யும்போது மூட்டையைக் குத்தி, மாதிரியை உள்ளங்கையில் பரப்பி, நாலு இடத்தில் விலை விசாரித்த பின்பே நாம் பணத்தை எடுக்கிறோம். வாகனம் வாங்கும்போது மட்டும் வெளி மினுக்கத்தைப் பார்த்து முற்பணம் கொடுத்துவிடுகிறோம். ஒரு வாகனத்தில் முடங்கும் பணம் பல சமயங்களில் கடையின் ஒரு பருவகாலச் சரக்குக்குச் சமமானது. ஆகவே இம்மாதப் பாடத்தை வாகனத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

நமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. அவற்றுள் நம்மவர் அதிகம் விரும்புவது ஹொண்டா வெசல் ஹைபிரிட். இது 2013 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. முதல் வருடங்களில் வந்தவை இன்று பத்து வயதைக் கடந்துவிட்டன. வயது ஏறிய ஹைபிரிட் வாகனத்தின் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதையே உதாரணமாகக் கொள்வோம்.

1. இயங்கும் முறை

இதில் 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரமும் ஒரு மின்மோட்டாரும் உண்டு. மோட்டார் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது. ஜப்பானியச் சோதனை முறையில் லீற்றருக்கு 27 கிலோமீற்றர் வரை காட்டப்பட்டது. நமது வீதிகளில் அந்த எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

2021 ஏப்ரலில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை வெசலில் இந்தக் கியர் பெட்டி இல்லை. அது இரு மோட்டார் முறை. பெயர் ஒன்றாயினும் சரக்கு வேறு. கீழே நாம் சொல்வது முதல் தலைமுறைக்கே பொருந்தும்.

2. கியர் பெட்டி

இவ்வாகனத்தில் அதிகம் பேசப்படும் குறை இதுவே. இதன் கிளட்ச் உலர்ந்த வகை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும், ஏற்றத்தில் பிரேக்கை விட்டு அக்சிலேற்றரால் வாகனத்தைத் தாங்கி நிற்பதும் அதைச் சூடாக்கும். சூடு மிஞ்சினால் எச்சரிக்கை தோன்றும். அப்போது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். புறப்படும்போது உதறல், கியர் மாறும்போது இடி, பின்னோக்கி எடுக்கையில் தயக்கம் ஆகியவை கிளட்சோ அதை இயக்கும் பகுதியோ தேய்ந்திருப்பதன் அறிகுறிகள்.

எல்லாக் குறையும் தேய்மானத்தால் வந்ததல்ல. 2014 பெப்ரவரியில், கியர் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருள் குறைக்காக ஃபிட், வெசல் ஹைபிரிட் வாகனங்கள் 81,353 ஐ ஹொண்டா மீள அழைத்தது. அதே வருடம் ஜூலையில், எதிர்பாராது வேகம் எடுக்கக்கூடும் என்ற காரணத்துக்காக 175,356 வாகனங்கள் அழைக்கப்பட்டன. தொடர்ந்து வந்த மீளழைப்புகளின் பின் ஒக்டோபரில் நிறுவனத்தின் மேலதிகாரிகள் தம் சம்பளத்தையே குறைத்துக்கொண்டனர். நீங்கள் பார்க்கும் வாகனத்துக்கு இத்திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்பதை அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு விசாரித்தறியுங்கள். இருசில்லு ஓட்ட வெசல் ஹைபிரிட்டின் இலக்கம் ஆர்யு3 எனத் தொடங்கும். நாற்சில்லு ஓட்டமாயின் ஆர்யு4.

3. பெரிய பற்றரி

பின்புறச் சாமான் தட்டின் கீழ் 48 கலங்கள் கொண்ட லித்தியம் பற்றரி உள்ளது. மொத்த அழுத்தம் 172.8 வோல்ற்று. இதைக் காற்றே குளிர்விக்கிறது. காற்று இழுக்கும் வாயைத் தூசி அடைத்தாலும், சாமான் மறைத்தாலும் கலங்கள் சூடேறி ஆயுள் குறையும். மா மூட்டையும் மிளகாய்த்தூளும் ஏற்றும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

பழுதான சில கலங்களை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்வோர் உண்டு. மலிவுதான், ஆனால் பழைய கலமும் புதிய கலமும் ஒரே அளவில் மின்னைத் தாங்கா. பழைய சரக்கோடு புதுச் சரக்கைக் கலந்தால் மூட்டை எந்த விலைக்குப் போகும் என்பது நமக்குத் தெரிந்ததே. செம்மஞ்சள் நிற வயர்களைப் பயிற்சியற்றவர் தொடவே கூடாது, உயிராபத்து.

4. சிறிய பற்றரி

சாதாரண 12 வோல்ற்றுப் பற்றரியும் இதில் உண்டு. அது பலமிழந்தாலே பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும். வாகனம் புறப்பட மறுக்கும். நமது அங்கத்தவர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தபோது, பெரிய பற்றரி போய்விட்டதாக ஒரு கராஜில் சொன்னார்கள். தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கப் போனவர், இன்னோர் இடத்திலும் ஸ்கான் பண்ணிப் பார்த்தார். சிறிய பற்றரியை மாற்றியதோடு விடயம் முடிந்தது. மலிவான காரணத்தை முதலிலும் விலையுயர்ந்த காரணத்தைக் கடைசியிலும் சோதிப்பதே முறை.

5. ஏசி

இங்கே ஏசி கொம்பிரசர் மின்னால் இயங்குவது. அதற்குரிய எண்ணெய், மின்னைக் கடத்தாத தனி வகை. சாதாரண வாகனத்துக்கான எண்ணெயை ஊற்றினால் மின்காப்புக் கெட்டு, சிறு வேலை பெருஞ்செலவாகும். காஸ் நிரப்பும்போது இதைக் கேட்டறியுங்கள்.

6. நம் கணக்கு

ஓர் உதாரணம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓட்டம். பெற்றோல் வாகனம் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் எனில் 150 லீற்றர் வேண்டும். ஹைபிரிட் 15 எனில் 100 லீற்றர். மிச்சம் மாதம் 50. வருடம் 600 லீற்றர்.

திருத்தச் செலவையும் இதே லீற்றரில் அளந்து பாருங்கள். கிளட்ச், பற்றரி, கொம்பிரசர் ஆகியவற்றுக்கு இரண்டு இடங்களில் எழுத்தில் விலை வாங்கி, அன்றைய பெற்றோல் விலையால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு திருத்தம் 1,200 லீற்றருக்குச் சமமானால் இரண்டு வருட மிச்சத்தை அது விழுங்கும். விலை மாறினாலும் இந்தக் கணக்கு முறை மாறாது.

இன்னொன்றும் உண்டு. நகர நெரிசலில்தான் ஹைபிரிட்டின் மிச்சம் அதிகம். அதே நெரிசலில்தான் கிளட்சின் தேய்மானமும் அதிகம். ஆகவே மிச்சம் முழுவதையும் இலாபமாக எண்ணிச் செலவழிக்கக் கூடாது. அதில் பாதியையேனும் மாதந்தோறும் தனியே வைத்தால், மூன்று வருடத்தில் 900 லீற்றரின் பெறுமதி கையில் இருக்கும்.

7. வாங்குமுன் செய்யவேண்டியவை

அ. குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்த்து, பின் நெரிசலிலும் ஏற்றத்திலும் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

ஆ. பற்றரிக் கலங்களின் அளவுகளை ஸ்கான் பண்ணி, அச்சிட்டு வாங்குங்கள்.

இ. ஜப்பானிய ஏலத் தாளிலுள்ள கிலோமீற்றரை மீற்றரோடு ஒப்பிடுங்கள்.

ஈ. சாமான் தட்டின் கீழ்ச் சேறு, துரு உண்டா எனப் பாருங்கள். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தின் பின் இது மிக அவசியம். நீர் தேங்கும் உயரத்தில்தான் பற்றரி இருக்கிறது.

உ. லீசிங் தவணையோடு திருத்த நிதியையும் கூட்டி, அத்தொகையைக் கடை தாங்குமா எனப் பாருங்கள்.

ஹைபிரிட் வாங்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நன்கு பேணப்பட்ட வாகனம் இன்றும் எரிபொருளை மிச்சம் பிடித்துத் தருகிறது. வாங்கும்போதே வருஞ்செலவையும் விலையோடு கூட்டிப் பார்ப்பவனே வர்த்தகன். அக்கூட்டுத் தொகை கடையின் முதலைத் தொடுமாயின், இன்னும் ஒரு வருடம் பழைய வாகனத்திலேயே போய்வருவதில் குறைவொன்றும் இல்லை.